பை வரும் வரை

பசியோடு வரும் ஜாம்பி ஒன்றின் முன்னால் போய் நின்று ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டினால் என்ன நடக்கும்?

ஹெப்சிபாவைக் கேட்டிருந்தால், நோட்டோடு சேர்ந்து கையும் போய்விடும் என்றுதான் சொல்லியிருப்பாள். அதைச் சொல்ல அவளைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அந்த ஜாம்பிகளுக்குப் பசி ஏற்றியவளே அவள்தான். ஆனால் அன்று காலை அவள் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டப் பதிவில் நடந்தது வேறு. நீலச் சேலை கட்டிய ஒரு பெண் உருவம், கல்லாப் பெட்டியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, அடுத்தவரிடம் கொடுப்பதுபோல் சாதாரணமாக நீட்டியது. வாயில் ரத்தம் ஒழுக வந்த ஜாம்பி நின்றது. நோட்டை வாங்கியது. திரும்பித் தனக்குப் பின்னால் நின்ற ஜாம்பியிடம் கொடுத்தது. அது இன்னொன்றிடம். நோட்டு அந்தத் தளம் முழுக்கக் கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருக்க, கொடுத்து முடித்தவை எல்லாம் எதையோ எதிர்பார்த்துக்கொண்டு சாதுவாக நின்றன. நீலச் சேலை அவற்றின் நடுவே புகுந்து, அவசரமில்லாமல் நடந்து, மாடிப்படி ஏறியது.

ஹெப்சிபா வாய்விட்டுச் சிரித்தாள். அவளுடைய மேலாளர் விக்னராஜுக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்னம்மா இது? நான் ஜாம்பி கேட்டேன். நீ கண்டக்டர் இல்லாத டவுன் பஸ்ஸைக் குடுத்திருக்க!"

மதுரையில் இருந்த அவர்களுடைய நிறுவனத்துக்குச் சோறு போட்டது 'கெடு' என்ற ஒரே ஒரு விளையாட்டுதான். கண்ணில் ஆட்டக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதற்குள் போகிறவர்கள் பொன்வசந்தம் ஸ்டோர்ஸ் என்ற ஏழு மாடிக் கற்பனைக் கடையில் மாட்டிக்கொள்வார்கள். வெளியே ஊர் முழுக்க ஜாம்பி, உள்ளேயும் ஜாம்பி. மூன்றாம் நாள் முடிவில் மொட்டை மாடிக்கு ஒரு ஹெலிகாப்டர் வரும். அதுவரை உயிரோடு இருந்து அதில் ஏற வேண்டும். மற்றபடி விதி என்று ஒன்றும் கிடையாது. கடையில் உள்ள எதையும் எடுக்கலாம், எங்கும் போகலாம், எதை வேண்டுமானாலும் எதற்கும் பயன்படுத்தலாம். மூன்று நாளும் உள்ளேதான் மூன்று நாள், வெளியே அது ஒரு மதியப்பொழுது.

உலகமெங்கும் ஆடினார்கள். ஆளுக்கொரு வியூகம் வைத்திருந்தார்கள். பாத்திரப் பிரிவுக்கு ஓடி இட்லிக் குண்டானைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சண்டைக்கு நிற்பவர்கள் ஒரு ரகம். நகைப் பிரிவின் இரும்பு ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொள்பவர்கள் இன்னொரு ரகம். இவர்கள் இரண்டாம் நாள் தண்ணீருக்காகத் தலையை நீட்டுவார்கள், கதை முடிந்துவிடும். கெட்டிக்காரர்கள் ஆயுதத்தைத் தேடவே மாட்டார்கள். முதலில் தண்ணீர், அடுத்து இரண்டு படிக்கட்டு வழிகளையும் மனப்பாடம் செய்வது, அப்புறம் பட்டுச் சேலைகளை முடிந்து மாடிக்கு மாடி கயிறு விடுவது. லிஃப்ட் பக்கமே போக மாட்டார்கள், அதன் மணிச்சத்தம் ஒரு தளத்தையே கூட்டி வந்துவிடும். இவ்வளவு செய்தும் பத்தில் ஒருவர் ஹெலிகாப்டரைப் பார்த்தால் பெரிது.

நீலச் சேலைக்கு இதில் எதுவுமே வேண்டியிருக்கவில்லை. 'கடைசி சீட்' என்ற பெயரில் ஆடிய அந்தப் பெண் ஒரு முறைகூட ஓடவில்லை, ஒரு ஜாம்பியைக்கூட அடிக்கவில்லை. தோளில் கிடந்த கைப்பையைக் கழற்றி நீட்டினாள். சோபாவில் சாய்ந்துகிடந்த ஜாம்பி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டது. அவள் வேறு தளத்துக்குப் போய்த் திரும்பி வரும்வரை, பக்கத்து ஜாம்பிகள் என்ன பாடு பட்டாலும், அது அந்தப் பையை விடவில்லை. காயம் படாமல் தாக்குப்பிடித்த நேரத்துக்கான பட்டியலில் உலகத்திலேயே முதல் பெயர் 'கடைசி சீட்'.

"மூளை நம்மளுது இல்லையே சார்" என்றாள் ஹெப்சிபா. "கூட்டம் எப்படி நகரும்னு கத்துக்குடுக்க மலிவா கிடைக்குதுன்னு நீங்கதானே பஸ் கேமரா பதிவுகளை வாங்கிப் போட்டீங்க? போக்குவரத்து ஆய்வுக்காக எடுத்தது. அந்தப் பஸ் ஜனங்களைப் பாத்துத்தான் இது கூட்டமா இருக்கிறதுக்கே கத்துக்கிச்சு. மேல பசியை மட்டும்தான் நாம ஏத்தினோம்."

"அப்ப பசிதானே ஜெயிக்கணும்?"

"எட்டி நின்னா பசி ஜெயிக்குது. கிட்ட வந்து ஒருத்தர் கையை நீட்டினா பழக்கம் முந்திக்குது. வாங்கிக் குடுத்துட்டு, டிக்கெட்டும் மிச்சமும் திரும்பி வரும்னு நிக்குது பாவம்."

"பாவமா? அடுத்த வாரக் கடைசியில பன்னாட்டுப் போட்டி. இந்தம்மா அதுல ஆடப் போகுது. ஊரே பாக்க, நம்ம ஜாம்பி டிக்கெட் வாங்கிக் குடுத்துக்கிட்டு இருந்தா மானம் கப்பலேறிடும். அந்தப் பழக்கத்தை வெட்டி எடு."

வெட்டிப் பார்த்தாள். கொடுப்பதையும் வாங்குவதையும் அந்த மூளையிலிருந்து சுத்தமாகத் துடைத்துவிட்டுக் கூட்டத்தை ஓடவிட்டாள். முதல் படிக்கட்டிலேயே எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாய் விழுந்து குவிந்தன. முன்னால் நிற்பவருக்குக் கால் வைக்க இடம் விடுவது, பக்கத்திலிருப்பவர் சாய்ந்தால் தோளைக் கொடுப்பது, இறங்குகிறவருக்கு ஒதுங்குவது, காசை வாங்கிக் கொடுப்பது எல்லாம் ஒன்றாகவே பின்னிக்கிடந்தன. ஒன்றை உருவினால் மற்றதும் வந்துவிடுகிறது. அதில்லாமல் அவற்றால் பயமுறுத்தும் கூட்டமாகக்கூட இருக்க முடியவில்லை. ஹெப்சிபாவுக்கு அது ஏனோ மிகவும் பிடித்திருந்தது. விக்னராஜிடம் அதைச் சொல்லவில்லை.

"சரி, தொலையட்டும்" என்றான் விக்னராஜ். "அந்தம்மா கடைசில ஒண்ணு பண்ணுதே, அதையாவது நிறுத்து."

அந்தக் கடைசிக் காரியம்தான் ஹெப்சிபாவுக்குப் புரியவேயில்லை. மூன்றாம் நாள் பிற்பகல் ஆனதும், மாடிப்படி திறந்துகிடக்கும்போதே, 'கடைசி சீட்' நேராகத் தரைத்தளத்துக்கு இறங்கிவருவாள். ஜாம்பிகள் அடர்ந்து நிற்கும் இடமாகப் பார்த்து, தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வாள். அவை குனியும். கடிப்பதற்குப் பதில் தலைக்கு ஒன்று, முதுகுக்கு இரண்டு, காலுக்கு ஒன்று என்று கை கொடுத்து அவளைத் தூக்கும். அடுத்த கைகளுக்கு மாற்றும். அவ்வளவுதான், திரை இருண்டுவிடும். ஆடுபவர்கள் எல்லாரும் மார்பில் ஒரு பட்டை அணிய வேண்டும். உண்மையான நெஞ்சுத் துடிப்பு அவரவர் உடம்புக்குக் குறித்த அளவைத் தாண்டினால் ஆட்டம் தானாக அணையும். பயத்தில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்று வைத்த ஏற்பாடு அது. இந்தப் பெண்ணுக்குக் குறித்திருந்த அளவு மிகக் குறைவு. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அவளுடைய துடிப்பு எகிறியது, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தோற்றாள். மறுநாள் வந்து மறுபடியும் படுத்தாள்.

ஜெயிக்கத் தெரிந்த ஒருத்தி எதற்காக இப்படித் தோற்றுக்கொண்டே இருக்கிறாள்? ஞாயிற்றுக்கிழமை ஹெப்சிபா ஆட்டப் பதிவேட்டில் இருந்த முகவரியைக் குறித்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினாள்.

'கடைசி சீட்'டின் உண்மைப் பெயர் மங்கையர்க்கரசி. ஐம்பது வயதைத் தொட்டவர், ஒரு வங்கியில் அதிகாரி. வாசலுக்கே வந்து கூட்டிப்போய், ஊர் பால்கோவாவைத் தட்டில் வைத்து எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க சாப்பிடுங்க. எனக்குப் பாக்க மட்டும்தான் டாக்டர் அனுமதி. ஆட்டத்துல தப்புப் பண்றேன்னு பிடிக்க வந்தீங்களா?"

"இல்லைங்கம்மா. பாராட்டத்தான் வந்தேன். எங்க சார் கணக்குல பாத்தா பிடிக்கவும்தான்" என்றாள் ஹெப்சிபா. அந்த அம்மாளிடம் பொய் சொல்ல வரவில்லை. "நோட்டை நீட்டணும்னு எப்படித் தோணுச்சு?"

"தோணவே இல்லைம்மா. நெஞ்சுக்கு வைத்தியம் பாத்தப்ப இந்தப் பட்டையைக் கட்டிக்கச் சொன்னாங்க. வாங்கற இடத்துல விளையாட்டையும் சேத்துக் குடுத்தாங்க. சும்மா கிடக்கேன்னு போட்டேன். ஒண்ணு பல்லைக் காட்டிக்கிட்டு வருது. நான் ஓடக் கூடாது, ஓடினா அணைஞ்சு போயிரும். என்ன பண்றதுன்னு தெரியாம, நெரிசல்ல செய்வோமில்ல, அந்தப் பழக்கத்துல பையை நீட்டிட்டேன். வாங்கி மடியில வச்சுக்கிச்சு!" சிரித்தார். "அரை மணி நேரம் சிரிச்சேன். நம்ம ஊரு ஆளுதான்டா நீயின்னு நினைச்சேன்."

"சரி, கடைசில ஏன் படுக்குறீங்க?"

மங்கையர்க்கரசி தட்டைக் கொஞ்சம் அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"ஆடிப்பூரத் தேர் அன்னிக்கு ராஜபாளையத்துல இருந்து பஸ்ல வந்துக்கிட்டிருந்தேன். கூட்டம்னா கூட்டம், மூச்சு விட இடமில்லை. ஊரு எல்லையில பஸ் நின்னுருச்சு, முன்னாலயும் போக முடியாது, பின்னாலயும் போக முடியாது. கடைசி சீட்டுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தேன். நெஞ்சைப் பிடிச்சுச்சு, விழுந்துட்டேன். கண்ணு முழிச்சது ஆஸ்பத்திரியில. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா ஒண்ணும் செய்திருக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. பின் வாசல்ல ஆளு அடைச்சுக்கிட்டு நின்னதால, கடைசி சீட்டுல இருந்து முன் வாசல் வரைக்கும் என்னைத் தலைக்கு மேல கை மாத்திக் கை மாத்திக் கொண்டுபோயிருக்காங்க. யாரு, எத்தனை பேரு, ஒண்ணும் தெரியாது."

"விசாரிக்கலையா?"

"பஸ் பஸ்ஸா ஏறி விசாரிச்சேன். ஒரே ஒருத்தர் கிடைச்சாரு, கோழிக்கடை வச்சிருக்காரு. கையெடுத்துக் கும்பிட்டா, மனுஷன் பதறிப் போயிட்டாரு. 'நான் ஒண்ணும் பண்ணலைங்க. பின்னால இருந்து வந்துச்சு, முன்னால குடுத்தேன்'ங்கறாரு. ஏதோ சில்லறையைச் சொல்ற மாதிரி. என்னைச் சொல்றாரும்மா!"

சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நினைவு தப்பிக் கிடந்தேன்னாலும் ஒண்ணே ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கு. தூக்கினப்ப சேலை கணுக்காலுக்கு மேல ஏறிருச்சு போல. ஒரு கை வந்து அதைக் கீழ இழுத்து விட்டுச்சு. அடுத்த ஆளு கைக்குப் போனேன், அங்கயும் ஒரு கை இழுத்து விட்டுச்சு. நான் சாகக் கிடக்கேன். அப்பவும் அந்த ஜனத்துக்கு என் மானத்து மேல ஒரு கண்ணு இருந்திருக்கு. இதை நான் யாருகிட்ட போய்ச் சொல்ல? பையும் பின்னாலயே ஆஸ்பத்திரிக்கு வந்து சேந்துச்சு. ஒரு பொருள் குறையலை. உள்ள ஒரு டிக்கெட்டு. நான் டிக்கெட்டே எடுக்கலை, எடுக்கறதுக்குள்ளதான் விழுந்துட்டேன்."

ஹெப்சிபா கையிலிருந்த பால்கோவாவைத் தட்டிலேயே வைத்தாள். தூக்கும்போது ஒரு ஜாம்பியின் கை மட்டும் காலருகே போய் எதையோ இழுப்பதை அவளும் பதிவில் பார்த்திருந்தாள். கடிக்கப் போகிற அசைவு பாதியில் கெட்டுவிட்டது என்று குறித்து வைத்திருந்தாள்.

"ஒரு நாள் ஆட்டத்துல கால் தடுக்கி விழுந்தேன்" என்றார் மங்கையர்க்கரசி. "அதுங்க தூக்கிச்சு. சேலையை இழுத்து விட்டுச்சு. எனக்குத் துடிப்பு ஏறி, உடனே அணைஞ்சிருச்சு. அந்தக் கை எனக்குத் தெரியும்மா. அன்னிக்குக் கண்ணு மூடிக் கிடந்தேன். ஒரு தடவை, கண்ணைத் திறந்துக்கிட்டுப் போகணும். அதுக்குத்தான் படுக்கேன். ஆனா பக்கத்துல அந்த மூஞ்சிகளைப் பாத்ததும் நெஞ்சு அடிச்சுக்குது, நான் என்ன செய்ய?"

"அவங்களைப் போய் நாங்க இப்படி ஆக்கிட்டோம்" என்றாள் ஹெப்சிபா. அவளுக்கு வெட்கமாக இருந்தது. "பஸ் கேமராவுல பதிவான ஜனங்களோட பழக்கத்தை எடுத்துத்தான் ஜாம்பிக்குக் குடுத்தோம், யாரையும் ஒரு வார்த்தை கேக்கலை. அப்புறம் வெட்டியெடுக்கப் பாத்தோம், முடியலை."

"அந்தக் கையைப் பாத்ததுமே அப்படித்தான் இருக்கும்னு யூகிச்சேன். கோவம் வந்துச்சுதான். உதவின ஜனத்தைப் பேயாக்கி வித்திருக்கீங்களேன்னு ரெண்டு நாள் உங்க கம்பெனியைத் திட்டிக்கிட்டே இருந்தேன். அப்புறம் யோசிச்சேன். பேயா ஆக்கியும் அவங்க பழக்கம் போகலை பாத்தீங்களா? உங்களால எடுக்க முடியலையே!"

திரும்பி வந்த ஹெப்சிபா மறுநாள் காலையிலிருந்து தேடினாள். காசு கை மாறும் பதிவுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளும் பதிவுகளும் அதேபோல. ஆனால் ஆளைத் தூக்கிக் கை மாற்றும் பதிவு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்றைப் பார்த்துத்தான் அத்தனை ஜாம்பிகளும் தூக்கக் கற்றிருந்தன. அதில் கைகள் போனது வெளியேறும் வாசலை நோக்கி, கடையிலிருந்து வெளியேற இருந்த ஒரே வழி மொட்டை மாடி. பஸ், கூட்டம், கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் விழும் ஒரு பெண். சட்டப்படி எல்லா முகத்தையும் மங்கலாக்கியிருந்தார்கள். கைகளை யாரும் மங்கலாக்கவில்லை.

"ஒத்தப் பதிவா? அப்ப ரொம்ப லேசு" என்றான் விக்னராஜ். "அதை மட்டும் அழிச்சிரு. காசு விளையாட்டைக்கூடச் சிரிச்சுச் சமாளிச்சுக்கலாம். ஜாம்பி ஆளைத் தூக்கிட்டுப் போய் ஹெலிகாப்டர்ல ஏத்திவிட்டா எவன் பயப்படுவான்?"

"அழிக்க மாட்டேன் சார்."

"என்னது?"

"அது அந்தம்மாவோட உயிரு போகாம இருந்த பதிவு. அதைத்தான் பாக்கணும்னு அவங்க வந்து வந்து படுக்குறாங்க. நான் அழிக்க மாட்டேன். வேணும்னா என்னை எடுத்துருங்க."

விக்னராஜ் அவளை முறைத்தான். அந்த மூளைக்குள் கை வைக்கத் தெரிந்தவர்கள் அந்த நிறுவனத்தில் அவளைத் தவிர யாருமில்லை, போட்டியோ தலைக்கு மேல் வந்து நின்றது. "முடியட்டும், ரெண்டு பேரையும் சேத்து எடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். யாரை இன்னொருவர் என்கிறான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

பதிவை வெளியே காட்டக் கூடாது என்று ஒப்பந்தம். ஹெப்சிபா காட்டவில்லை. மங்கையர்க்கரசியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். திரையில் பதிவை மெதுவாக ஓடவிட்டுக்கொண்டு, பார்த்ததைச் சொன்னாள்.

"நீங்க விழுறீங்க. குடை வச்சிருக்கிற ஒருத்தர் குடையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு உங்க தலையைத் தாங்குறாரு. கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை முதுகுக்கு வருது. மோதிரம் போட்ட கை. வெள்ளையடிச்சுட்டு வந்தவர் போல, முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு. அவர் முதல்ல கையைத் தன் சட்டையில துடைச்சுக்கிட்டுத்தான் உங்களைத் தொடுறாரு. உக்காந்திருந்தவங்க எல்லாம் சீட்டு மேல ஏறி நிக்கிறாங்க, வழி விட. வளையல் கை சேலையை இழுத்து விடுது. இப்ப அடுத்த ஆளு. ஒரு சின்னப் பொண்ணு கை, மருதாணி போட்டது, அதுவும் இழுத்து விடுது. யாரோ உங்க பையை எடுக்குறாங்க. அதுவும் பின்னாலயே வருது. கண்டக்டர் பக்கம் ஒரு கை காசை நீட்டுது, டிக்கெட்டை வாங்கிப் பைக்குள்ள போடுது. செக்கிங் வந்து உங்ககிட்ட கேட்டுருவாங்கன்னு நினைச்சாரோ என்னவோ. இப்ப முன் வாசல். அதுக்கு மேல கேமராவுக்குத் தெரியலை. ஆனா வெளிய இருந்து இன்னும் நிறையக் கை உள்ள நீளுது."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்று ஹெப்சிபா பயந்தாள்.

"சுண்ணாம்பைத் துடைச்சுக்கிட்டாரா?" என்றார் மங்கையர்க்கரசி.

"ஆமாம்மா."

"அப்ப எனக்குப் பயப்பட ஒண்ணும் இல்லை."

போட்டி நாள் மதியம் மதுரையில் ஒரு பெரிய அரங்கு நிரம்பி வழிந்தது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு கண்ணாடி அறை, தலைக்கு மேல் பெரிய திரை. ஒரு கொரியாக்காரர் சேலைக்கயிற்றில் மூன்று மாடி தாவியபோது கூரை பிய்ந்துபோகும் அளவுக்குக் கைதட்டினார்கள். மங்கையர்க்கரசி வங்கிக்குப் போகும் நீலச் சேலையிலேயே வந்திருந்தார். முதல் நாள் முதல் வேலையாக, முதல் மாடிச் சோபா ஜாம்பியிடம் பையைக் கொடுத்துவிட்டு நடக்கத் தொடங்கினார். அரங்கு சிரித்தது. மூடிய கதவுகளுக்குப் பின்னால் மாட்டிக்கிடந்த, ஆட்டத்தின் கற்பனைப் பாத்திரங்களான விற்பனைப் பெண்களை ஒவ்வொருத்தியாக அழைத்து, ஜாம்பிகள் கையில் ஒவ்வொரு நோட்டைக் கொடுத்துவிட்டு, நடுவே கூட்டிக்கொண்டு போய் மொட்டை மாடியில் சேர்த்தார். சிரித்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மற்ற அறைகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மூன்றாம் நாள் வந்தபோது மிச்சமிருந்தவர் அவர் ஒருவர்தான்.

மாடிப்படி திறந்துகிடந்தது. ஏறினால் உலக வெற்றி. அவர் தரைத்தளத்துக்கு இறங்கினார், சேலையை ஒழுங்குபடுத்திக்கொண்டு படுத்தார்.

ஹெப்சிபா கட்டுப்பாட்டு மேசையில் அவருடைய துடிப்பு ஓடும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகிய முகங்கள் குனிந்தன. கோடு கொஞ்சம் ஏறியது. பின்பு கோடு மெல்ல இறங்கி, தூங்குகிறவருடையதைப்போல் சமமாக ஓடியது.

தூக்கினார்கள். அவை என்று சொல்ல ஹெப்சிபாவுக்கு இனி வாய் வரவில்லை. தலைக்கு ஒருவர், முதுகுக்கு இருவர். ஒரு கை சேலையை இழுத்து விட்டது. அடுத்தவர்கள், அதற்கடுத்தவர்கள். படிக்கட்டு வளைவில் ஒருவர் சாய, பக்கத்திலிருந்தவர் தோள் கொடுத்தார். மங்கையர்க்கரசி கண்களை அகலத் திறந்து வைத்திருந்தார். முகங்களைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்துக்கொண்டே போனார். ஒவ்வொரு கைக்கும் "நன்றிங்க" என்றார். ஒரு கையிடம், "பாத்துங்க, படி இருக்கு" என்றார். மாடி மாடியாக ஏழு மாடியும் போனார்கள்.

மொட்டை மாடியில் வெயில் அடித்தது. ஹெலிகாப்டரின் அருகே அவரைப் பூப்போல இறக்கிவிட்டு, கூட்டம் ஒதுங்கி நின்றது. ஏணி கைக்கெட்டும் தூரத்தில் ஆடியது. அரங்கே எழுந்து நின்று 'ஏறு ஏறு' என்று கத்தியது.

மங்கையர்க்கரசி ஏறவில்லை. படிக்கட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"என் பை வரணும்" என்றார்.

கெடு முடிந்தது. மீட்கப்பட்ட விற்பனைப் பெண்களோடு ஹெலிகாப்டர் கிளம்பிப் போயே போய்விட்டது. அரங்கு தலையில் கைவைத்துக்கொண்டது. ஹெலிகாப்டர் போனதும் ஆட்டத்தை அணைக்க வேண்டியது ஹெப்சிபாவின் வேலை. அவள் விரல் பொத்தான் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

"அணையேன். அதான் தோத்தாச்சே" என்றான் விக்னராஜ்.

"பை வரலை சார்."

முதல் மாடியின் காட்சியைப் பெரிய திரைக்குக் கொண்டுவந்தாள். மூன்று நாளாகப் பையை மடியில் வைத்திருந்த ஜாம்பி, சோபாவிலிருந்து தட்டுத் தடுமாறி எழுந்துகொண்டிருந்தது. படிக்கட்டில் நின்றவரிடம் பையை நீட்டியது. அவர் வாங்கி மேல்படிக்காரரிடம் கொடுத்தார். இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி. பாதியில் பை கை நழுவி விழ, ஒருவர் குனிந்து எடுத்து, தூசியைத் தட்டிவிட்டுக் கொடுத்தார். வர்ணனையாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பந்தயக் குதிரையை வர்ணிப்பதுபோல் அந்தப் பையை வர்ணிக்க ஆரம்பித்தார். ஐந்தாம் மாடி வந்தபோது அரங்கே எண்ணிக் கத்தியது. விக்னராஜும் கத்தினான், அது அவனுக்குத் தெரியவில்லை.

மொட்டை மாடி வாசலில் ஒரு கை நீண்டது. மங்கையர்க்கரசி பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். அந்தக் கையை இரண்டு கைகளாலும் ஒரு கணம் பிடித்துக்கொண்டார். பிறகு, தானே ஆட்டக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அறையிலிருந்து வெளியே வந்தார்.

வெளிநாட்டுச் செய்தியாளர் ஒருவர் ஒலிவாங்கியோடு ஓடிவந்து, கைக்கு வந்த வெற்றியை ஒரு பைக்காக ஏன் விட்டீர்கள், உள்ளே அப்படி என்ன இருந்தது என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னார்கள். மங்கையர்க்கரசிக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"உள்ள ஒண்ணுமில்லைங்க" என்றார். "கொண்டு வந்துக்கிட்டு இருக்காங்கன்னு தெரிஞ்சும், வாங்கிக்காம எப்படிங்க போறது?"